உங்கள் கதவுக்கு மொத்தம் எத்தனை சாவிகள்?

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் இருக்கிற எல்லாச் சாவிகளையும் கொண்டுவந்து ஒரு மேசைமேல் கொட்டுங்கள். ஒன்று விடாமல். கைப்பையில் இருப்பது, ஆணியில் தொங்குவது, இழுப்பறை மூலையில் நூல்கண்டோடு சிக்கிக் கிடப்பது, பயணப்பெட்டியின் பக்கப் பையில் போட்டு மறந்த குட்டிச் சாவி, எல்லாம். நான் முதன்முதலாக இதைச் செய்தபோது 31 சாவிகள் சேர்ந்தன. எது எந்தப் பூட்டுக்கு என்று எனக்குத் தெரிந்தவை 12. மீதி 19 சாவிகளை வருடக்கணக்காக வீடு மாறும்போதெல்லாம் சுமந்துகொண்டு போயிருக்கிறேன்.

அன்றைக்குத்தான் இன்னொரு கேள்வியும் உறைத்தது. என் வாசல் கதவுக்கு மொத்தம் எத்தனை சாவிகள் இருக்கின்றன? மேசையில் இருந்தவை இரண்டு. எனக்கு முன்னால் குடியிருந்தவர் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தாரா? குழாய் சரிசெய்ய வந்தவரிடம் கொடுத்தது திரும்பி வந்ததா? எனக்குப் பதில் தெரியவில்லை.

சாவி தொலைந்தால் பதறுகிறோம். பதறத்தான் வேண்டும். ஆனால் தொலைந்தது தெரிந்தால் உடனே ஏதாவது செய்வோம். இருப்பதே தெரியாத சாவிக்கு என்ன செய்ய முடியும்? பூட்டு எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் அந்தச் சாவிக்குத் திறந்துதான் தீரும். புதிதாகத் தனிக்குடித்தனம் போகிறவர்களும், முதல்முறையாகச் சொந்தச் சாவிக்கொத்து கைக்கு வந்தவர்களும் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பிரித்து, பொருத்தி, எழுதிவையுங்கள்

மேசையில் கொட்டிய சாவிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வீட்டில் இருக்கிற ஒவ்வொரு பூட்டிலும் போட்டுப் பாருங்கள். அரை நாள் பிடிக்கும். முழுதாக உள்ளே போகாத சாவியைத் திணிக்க வேண்டாம். உள்ளே போகிறது, ஆனால் திரும்பவில்லை என்றால் முறுக்கவும் வேண்டாம். தவறான சாவியை முறுக்கித்தான் பல சாவிகள் பூட்டுக்குள்ளேயே உடைகின்றன. கடைசியில் மூன்று குவியல் மிஞ்சும்: தினமும் வேண்டியவை, எப்போதாவது வேண்டியவை, எதற்கென்றே தெரியாதவை. மூன்றாவது குவியலை ஓர் உறையில் போட்டு, மேலே தேதி எழுதி ஒதுக்கிவையுங்கள். ஒரு வருடம் அதைத் தேடி யாரும் வரவில்லை என்றால் பழைய உலோகத்தோடு போட்டுவிடலாம்.

பிறகு ஒரு சிறு நோட்டு. ஒரு பூட்டுக்கு ஒரு பக்கம். பூட்டு எங்கே இருக்கிறது, எந்த நிறுவனத்துடையது, சாவிகள் மொத்தம் எத்தனை, ஒவ்வொன்றும் யாரிடம், எந்தத் தேதியில் கொடுத்தது. அவ்வளவுதான். யாருக்காவது சாவி கொடுக்கும்போது அவர் கண்ணெதிரிலேயே எழுதுங்கள். அதில் சங்கடம் ஒன்றுமில்லை. எழுதிக் கொடுத்த சாவி திரும்பி வரும். எழுதாமல் கொடுத்ததைக் கேட்கவே நமக்கு நினைவிருக்காது.

சாவியின் தலையில் பொடி எழுத்தில் ஓர் எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். அது வெறும் அலங்காரம் என்று நான் நினைத்திருந்தேன். பல சாவிகளில் அது வெட்டுகளின் ஆழத்தைச் சொல்லும் குறியீட்டு எண். அந்த எண்ணும் தகுந்த இயந்திரமும் இருந்தால், உங்கள் சாவியைத் தொடாமலேயே இன்னொன்று வெட்டிவிடலாம். நோட்டில் குறித்துக்கொண்டு, சாவியில் இருப்பதை அரத்தால் தேய்த்து அழித்துவிடலாம். புதுப் பூட்டோடு ஓர் அட்டையில் இந்த எண்ணைத் தருவதும் உண்டு. அந்த அட்டையும் ஒரு சாவிதான். நோட்டையும் அட்டையையும் சாவிகள் தொங்கும் இடத்தில் வைக்காதீர்கள்.

சாவியைப் படம் எடுத்துப் பகிர்வதும் இதே வகை. புது வீட்டுச் சாவியைக் கையில் பிடித்து ஒரு படம், மகிழ்ச்சியோடு ஊருக்கெல்லாம் காட்டுவது. 2008-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள், ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளியிருந்த கட்டடத்தின் கூரையிலிருந்து ஒரு மேசைமேல் கிடந்த சாவிகளைப் படமெடுத்து, அந்தப் படத்தைக் கணினியில் அளந்தே மாற்றுச் சாவிக்கான அளவுகளை எடுத்துக் காட்டினார்கள். பக்கத்தில் வைத்து எடுத்த படத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும். மகிழ்ச்சியைப் பகிருங்கள், சாவியின் பற்களை உள்ளங்கையில் மூடிக்கொண்டு.

அடையாளம் நமக்கு மட்டும் தெரிந்தால் போதும்

சாவிக்கொத்தில் முகவரியோ வீட்டு எண்ணோ இருக்கக் கூடாது. கண்டெடுப்பவர் திருப்பித் தர வசதியாக இருக்கட்டும் என்று தோன்றினால், ஒரு கைபேசி எண் மட்டும் போதும். எது எந்தச் சாவி என்று தெரிய, தலையில் மாட்டும் வண்ண உறைகள் கிடைக்கின்றன. நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்தாலும் சரி. எனக்குப் பிடித்தது இன்னொரு வழி: வாசல் சாவியின் தலை விளிம்பில் அரத்தால் ஒரு சின்னக் கீறல். பற்கள் இருக்கும் பக்கம் அல்ல, விரலால் பிடிக்கும் தலைப் பக்கம். மின்சாரம் போன இரவில், இரண்டு கையிலும் பைகளோடு நிற்கும்போது, கட்டைவிரலே அந்தக் கீறலைத் தடவிச் சாவியைக் கண்டுபிடித்துவிடும். விளக்கு தேட வேண்டியதில்லை.

ஒரே இடம், ஒரே நேரம்

கதவருகே ஓர் ஆணி அல்லது ஒரு கிண்ணம். இதை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இடத்தைவிட நேரம்தான் முக்கியம். சாவி எப்போது தொலைகிறது என்று கவனித்துப் பாருங்கள். உள்ளே வந்த முதல் நிமிடத்தில்தான். கையில் பை இருக்கும், கைபேசி அடிக்கும், குழந்தை எதையோ கேட்கும். சாவி கிடைத்த இடத்தில் இறங்கும். அதனால் பையை இறக்குவதற்கு முன், செருப்பைக் கழற்றுவதற்கு முன், சாவி ஆணிக்குப் போக வேண்டும். வெளியே கிளம்பும்போது இதற்கு நேர்மாறாக: சாவி கையில் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கதவை இழுக்க வேண்டும். பையில் இருக்கும் என்ற நம்பிக்கை போதாது. ஆணி ஜன்னல் வழியாகக் கைக்கோ கம்பிக்கோ எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

கொத்தை மெலிதாக வைத்துக்கொள்ளுங்கள். தினசரிச் சாவிகள் ஒரு வளையத்தில், எப்போதாவது வேண்டியவை வேறு வளையத்தில், வீட்டிலேயே. புளூடூத் பொத்தான்களைக் கொத்தில் மாட்டினால், கைபேசியில் தட்டியதும் வீட்டுக்குள் எங்கே கிடந்தாலும் ஒலி எழுப்பும். மறதி உள்ளவர்களுக்கு நிச்சயம் உதவும். பலவற்றில் சிஆர்2032 என்ற காசு போன்ற பேட்டரி இருக்கிறது. சிறு குழந்தை அதை விழுங்கிவிட்டால் உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும், உயிருக்கே ஆபத்து. மாற்றிய பழைய பேட்டரியை மேசையில் விட்டுவிடாதீர்கள்.

காணவில்லையா? நினைவைக் குடைவதற்கு முன் கதவின் வெளிப்பக்கத்தைப் போய்ப் பாருங்கள். சாவி கடைசியாக எங்கே இருந்தது என்று உறுதியாகத் தெரிந்த ஒரே இடம் கடைசியாகத் திறந்த பூட்டுதான். எத்தனையோ முறை அது அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் அங்கிருந்து நடந்த வழியே திரும்ப நடக்க வேண்டும், அன்றைக்குப் போட்டிருந்த உடையின் பைகளோடு தொடங்கி. முகவரி தெரியும்படி ஏதாவது சேர்ந்தே தொலைந்திருந்தால், அடையாள அட்டை இருந்த பணப்பை போல, யோசிக்க வேண்டாம், அன்றைக்கே பூட்டை மாற்றிவிடுங்கள்.

பூட்டுக்குள் என்ன நடக்கிறது

இதைத் தெரிந்துகொண்டால் மற்ற அறிவுரைகளில் பாதியை மனப்பாடம் செய்ய வேண்டாம், தானாகவே புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இன்றைய வாசல் கதவுகளில் மிகப் பரவலாக இருப்பது ‘பின்’ (pin) எனப்படும் குட்டி உலோகக் குச்சிகள் கொண்ட பின் பூட்டு. மரத்தால் செய்த இதன் மூதாதை பண்டைய எகிப்திலேயே இருந்தது. இன்று நம் கையில் இருக்கும் வடிவத்தை அமெரிக்கரான லைனஸ் யேல் இளையவர் 1861-லும் 1865-லும் காப்புரிமை பெற்று நிலைநிறுத்தினார். பகல் வெளிச்சத்தில் சாவித் துவாரத்துக்குள் உற்றுப் பாருங்கள். மேலிருந்து ஒரு குட்டிப் பித்தளை மூக்கு இறங்கியிருப்பது தெரியும் (சில பூட்டுகளில் கீழிருந்து). அதுதான் முதல் பின். அதற்குப் பின்னால் வரிசையாக இன்னும் நான்கைந்து இருக்கும். ஒவ்வொரு பின்னும் இரண்டு துண்டு, மேல் துண்டின் தலையில் ஒரு சுருள்வில். சாவி இல்லாதபோது மேல் துண்டுகள், திரும்ப வேண்டிய உள் உருளைக்கும் அசையாத வெளிக் கூட்டுக்கும் குறுக்கே மாட்டிக்கொண்டு நிற்கின்றன. அதனால் உருளை திரும்பாது. சரியான சாவியை நுழைத்தால் ஒவ்வொரு வெட்டும் தன் பின்னைத் தனக்குரிய உயரத்துக்குத் தூக்கும். இரு துண்டுகளும் பிரியும் இடம், எல்லாப் பின்களிலும் ஒரே நேரத்தில், உருளையின் விளிம்புக்கு நேராக வந்து நிற்கும். அந்தக் கணத்தில் உருளை சுழலும்.

ஓர் ஆழத்துக்கும் அடுத்த ஆழத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதனால்தான் மாற்றுச் சாவியிலிருந்து இன்னொரு மாற்றுச் சாவி எடுக்கக் கூடாது என்கிறார்கள். ஒவ்வொரு நகலிலும் ஒரு துளி பிழை சேரும், மூன்றாவது தலைமுறைச் சாவி ஆட்டி ஆட்டித்தான் திறக்கும். பூட்டோடு வந்த மூலச் சாவி ஒன்றைப் பயன்படுத்தாமலேயே எடுத்துவையுங்கள். எப்போது நகல் வேண்டுமென்றாலும் அதிலிருந்தே வெட்டுங்கள்.

சமையல் எண்ணெய், தேங்காய் எண்ணெய், தையல் இயந்திர எண்ணெய் எதுவும் அந்தத் துவாரத்துக்குள் போக வேண்டாம். முதல் வாரம் வழவழவென்று திரும்பும். பிறகு அதே எண்ணெய் தூசியைப் பிடித்துப் பசையாகி, அந்தக் குட்டிச் சுருள்வில்களை ஒட்டவைத்துவிடும். பூட்டுக்கு வேண்டியது உலர்ந்த மசகு: கிராஃபைட் தூள். கிடைக்காவிட்டால் மென்மையான பென்சிலின் கரியைச் சாவியின் பற்களில் நன்றாகத் தேய்த்து, பத்துப் பன்னிரண்டு முறை உள்ளே விட்டு எடுங்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும்.

விடுதிகளிலும் அலுவலகங்களிலும் ஒரே தலைமைச் சாவி எல்லா அறைகளையும் திறக்கும். சில பின்களில் இரண்டுக்குப் பதில் மூன்று துண்டுகள் வைத்து, விளிம்புக்கு நேராக வரக்கூடிய உயரங்களை இரண்டாக்குவதுதான் அதன் சூட்சுமம். இரண்டு உயரம் செல்லுபடியாகும் என்பது பலவீனமும்கூட. ஓர் அறைச் சாவியும் அதன் பூட்டும் கையில் இருந்தால் தலைமைச் சாவியையே கணித்துவிடலாம் என்று மாட் பிளேஸ் என்ற கணினி ஆய்வாளர் 2003-இல் விளக்கி எழுதினார். விடுதிச் சாவி தொலைந்தால் அபராதத்துக்குப் பயந்து மறைக்காமல் அன்றைக்கே சொல்ல வேண்டும். அது உங்கள் ஓர் அறையோடு முடிகிற விஷயம் இல்லை.

தொங்கு பூட்டுகளிலும் பழைய கனமான கதவுகளிலும் லீவர் பூட்டு இருக்கும். சாவி நீளமாக, கம்பத்தில் பறக்கும் தட்டையான கொடிபோல ஒரு முனையில் மட்டும் வெட்டுகளோடு வரும். உள்ளே அடுக்கிய தகடுகள் ஒவ்வொன்றையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு, அதாவது பூட்டிப் பிடிக்கும் உலோகத் துண்டு, நகரும். குறைவாகத் தூக்கினாலும் தப்பு, கூடுதலாகத் தூக்கினாலும் தப்பு. ராபர்ட் பாரன் 1778-இல் கொண்டுவந்த முறை இது. 1818-இல் ஜெரமையா சப், யாராவது கள்ளத்தனமாகத் திறக்க முயன்றால் இறுகி நின்று உரிமையாளருக்குக் காட்டிக்கொடுக்கும் பூட்டையே செய்தார். திறக்கவே முடியாது என்று பேர் வாங்கிய பூட்டு. 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்ஃப்ரெட் ஹாப்ஸ் அதைத் திறந்து காட்டினார். அதைவிடப் புகழ்பெற்ற பிராமா பூட்டையும் திறந்தார், ஆனால் அதற்கு அவருக்கு 51 மணி நேரம் பிடித்தது. பூட்டு வாங்கும்போது இந்த 51 மணி நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பூட்டும் நமக்கு வாங்கித் தருவது நேரத்தைத்தான். திருட வந்தவனுக்கு 51 மணி நேரம் கிடையாது.

நாக்கைத் தொட்டுப் பாருங்கள்

ஒருமுறை குப்பைப் பையை வெளியே வைக்க இரண்டடி எடுத்துவைத்தேன். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. ‘க்ளிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். உள்ளே அடுப்பில் பாத்திரம். வாசல் சாவி ஆணியில். மாற்றுச் சாவியா? அதுவும் உள்ளேதான், இழுப்பறையில், மிகப் பத்திரமாக. பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கொண்டுவந்து ஜன்னல் வழியாக உள்ளே இறங்கும் வரை என் கால் நடுக்கம் நிற்கவில்லை. அந்தப் பூட்டோடு இரண்டு வருடம் வாழ்ந்திருந்தும், அது சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் வகை என்று நான் யோசித்ததே இல்லை.

உங்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். கதவின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கை விரலால் அழுத்துங்கள். சாய்வாகச் சீவிய முனையோடு உள்ளே போய்த் திரும்ப வந்தால், அது சுருள்வில் நாக்கு. சாத்தினாலே பூட்டிக்கொள்ளும். அதே காரணத்தால், பக்கத்தில் இன்னொரு சிறு துணை நாக்கு இல்லாத சாதாரண வகையை ஒரு பிளாஸ்டிக் அட்டையைச் செருகியே தள்ளிவிட முடியும். இரவில் அதை மட்டும் நம்பக் கூடாது. இப்போது சாவியைத் திருப்புங்கள். சதுர முனையோடு வெளியே வந்து, அழுத்தினாலும் அசையாமல் நிற்பது கட்டை நாக்கு. வீட்டைக் காப்பது இதுதான். 25 மில்லிமீட்டராவது வெளியே வந்தால் நல்லது. சில பூட்டுகளில் சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் முழுதாக வரும், அவசரத்தில் ஒரு சுற்றோடு நிறுத்திவிடுவோம்.

நாக்கு நுழையும் தகடு நிலைச்சட்டத்தில் இருக்கும். அதன் திருகு ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். விரல்நுனி நீளம்தான் இருந்தால், எத்தனை பின் பூட்டானாலும் ஒரு பலமான உதையில் சட்டம் பிளந்துவிடும். 75 மில்லிமீட்டர் திருகுகளாக மாற்றிப் போட்டால் ஆழமாக இறங்கிப் பிடிக்கும். இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தரும் வேலை பூட்டு விஷயத்தில் வேறு எனக்குத் தெரியவில்லை.

உள்ளிருந்தும் சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டு என்றால், ஆட்கள் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் அந்தச் சாவி கதவருகே, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்க வேண்டும். தீப்பிடித்துப் புகை சூழ்ந்தால் சாவி தேட நேரம் இருக்காது. வயதானவர்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் இதை ஒருமுறை எல்லோரையும் கண்ணை மூடிச் செய்யச் சொல்லிப் பழக்குங்கள்.

சாவி இறுகுகிறதா, உடைகிறதா

பூட்டைக் குறை சொல்வதற்கு முன் கதவைத் திறந்து வைத்துச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். திறந்திருக்கும்போது சுலபமாகத் திரும்பி, சாத்தியபின் இறுகினால் பூட்டில் கோளாறு இல்லை. கீல் தளர்ந்து கதவு இறங்கியிருக்கிறது, அல்லது ஈரத்தில் மரம் உப்பியிருக்கிறது. நாக்கு தகட்டில் உரசுகிறது. கீல் திருகுகளை இறுக்கினாலே பல நேரம் சரியாகிவிடும். சாவித் துவாரத்தில் எதையும் ஊற்ற வேண்டியதில்லை.

வளைந்த சாவியைச் சுத்தியால் தட்டி நிமிர்த்தித் தொடர்ந்து பயன்படுத்தாதீர்கள். அது அடுத்த முறை உள்ளே உடையும். உடைந்துவிட்டதென்றால், மீதித் துண்டை உள்ளே தள்ளாதீர்கள், பசை தடவிய குச்சியை விடாதீர்கள். உருளை சாவி நுழையும் நிலைக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள், சாய்ந்திருந்தால் பின்கள் துண்டை விடாது. நேராக்கி, கூர்மூக்குக் குறட்டால் மெல்ல இழுங்கள். பிடிக்க முனை இல்லையென்றால் ஆளைக் கூப்பிடுவதே செலவு குறைந்த வழி.

மாற்றுச் சாவியும் புது வீடும்

மிதியடிக்குக் கீழே, பூந்தொட்டிக்குள், மின்மீட்டர் பெட்டிமேல் வேண்டாம். நாம் முதலில் யோசிக்கும் இடத்தைத்தான் வருகிறவனும் முதலில் பார்ப்பான். ஒரு மாற்றுச் சாவியாவது வீட்டுக்கு வெளியே, நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும். புதிதாக வெட்டிய சாவியை அன்றைக்கே, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சோதியுங்கள். சாத்திவிட்டுச் சோதித்தால், அது மாட்டிக்கொண்டால், வெளியே நிற்பது நீங்கள்தான். இரண்டு பக்கமும் சாவித் துவாரம் உள்ள சில பூட்டுகளில், உட்பக்கம் ஒரு சாவி செருகியிருந்தால் வெளியிலிருந்து எந்தச் சாவியும் வேலை செய்யாது. உங்களுடையது எப்படி என்று இப்போதே பார்த்துவையுங்கள்.

புது வீட்டுக்குப் போனால் பொருள்களைப் பிரிப்பதற்கு முன் பூட்டை மாற்றுங்கள். முழுப் பூட்டையும் பெயர்க்கத் தேவையில்லை. பல கதவுகளில் விளிம்பில் இருக்கும் ஒரே திருகைக் கழற்றி, சாவியைச் சற்றுத் திருப்பி இழுத்தால் உருளை மட்டும் வெளியே வந்துவிடும். அந்தத் திருகுத் துளையிலிருந்து இரண்டு முனைக்கும் தனித்தனியாக அளந்துகொண்டு போய் அதே அளவில் புதிது வாங்கலாம். வெளிப்பக்கம் கைப்பிடித் தகட்டைத் தாண்டி அதிகம் துருத்தக் கூடாது, துருத்தினால் பிடித்து ஒடிப்பது எளிது. வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள். உள்ளே இருக்கும் பின்களை மட்டும் மாற்றிப் புதுச் சாவிக்கு ஏற்பச் செய்து தருபவர்களும் இருக்கிறார்கள்.

எண் பூட்டு வாங்கினால் 0-0-0 என்ற ஆரம்ப எண்ணை முதல் நாளே மாற்றுங்கள். மூன்று வளையம் என்றால் மொத்தம் 1,000 சேர்க்கைதான், பொறுமைசாலி ஒருவர் ஓரிரு மணி நேரத்தில் முடித்துவிடுவார். நான்கு வளையம் 10,000. மின்னணுப் பூட்டு பேட்டரியை மாற்றச் சொல்லி எச்சரித்தால் தள்ளிப்போடாதீர்கள், அதோடு வந்த உலோகச் சாவி வீட்டுக்குள்ளேயே இருந்தால் பயனில்லை. விருந்தினருக்குக் கொடுத்த எண்ணையும் நோட்டில் எழுதுங்கள், அவர் கிளம்பியதும் அழித்துவிடுங்கள். அதுவும் வெளியே போன ஒரு சாவிதான். கார்ச் சாவியின் தலைக்குள் பெரும்பாலும் ஒரு சில்லு இருக்கும். வெறும் உலோகத்தை மட்டும் நகல் எடுத்தால் கதவு திறக்கும், வண்டி கிளம்பாது. இரண்டு சாவியில் ஒன்று தொலைந்ததுமே அடுத்ததைச் செய்துகொள்ளுங்கள். இரண்டும் போனபின் செலவு பல மடங்கு.

என் நோட்டின் முதல் பக்கத்தில் இப்போது இப்படி இருக்கிறது: வாசல் கதவு, மொத்தம் 5. ஆணியில் ஒன்று, கைப்பையில் ஒன்று, அக்காவிடம் ஒன்று, எதிர்வீட்டில் ஒன்று, பயன்படுத்தாத மூலச் சாவி உறையில் ஒன்று. எதிர்வீட்டார் அடுத்த மாதம் வீடு மாறுகிறார்கள். அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன்.